பல்துறைக் குழுப் பாடத்தில் மதிப்பெண் எங்கே விழுகிறது?

மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, உணவியல் என்று தனித்தனியாகப் படிக்கும் மாணவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு நோயாளியின் விவரத்தைக் கையில் கொடுத்து, "சேர்ந்து ஒரு திட்டம் போடுங்கள்" என்று சொல்லும் பாடம் இப்போது பல கல்லூரிகளில் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இதை வருகைப்பதிவுக்கான வகுப்பாகவே நினைக்கிறார்கள். நான் மருந்தியல் மாணவனாக இந்தப் பாடத்தை முடித்தேன். பிறகு குழுக்களை வழிநடத்துவது, மதிப்பெண் போடுவது என்று மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் துறையில் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு இங்கே அதிகம் மதிப்பெண் இல்லை. அதற்கு வேறு தேர்வுகள் இருக்கின்றன. பக்கத்துத் துறைக்காரரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் சொன்ன பதிலால் உங்கள் திட்டம் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கென ஒரு செயல்திட்ட வரைவை வெளியிட்டது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்கிறது அது. ஒரே அரங்கில் இருநூறு பேர் சேர்ந்து உடற்கூறியல் விரிவுரை கேட்பது இந்தக் கணக்கில் சேராது.

நான் அடிக்கடி பயன்படுத்திய ஒரு நோயாளி விவரத்தைச் சொல்கிறேன். 72 வயதுப் பெரியவர், பார்கின்சன் நோய். விடியற்காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை. எடை குறைந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவதற்கான திட்டம் வேண்டும்.

குழு முதலில் என்ன செய்யும்? ஆளாளுக்குத் தன் பாடத்தை ஒப்பிப்பார்கள். மருத்துவ மாணவர் நோயின் கட்டங்களைச் சொல்வார். மருந்தியல் மாணவர் இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தின் பக்கவிளைவுகளை அடுக்குவார். பிசியோதெரபி மாணவி நடைப்பயிற்சி என்பார். உணவியல் மாணவி, எடை கூட வேண்டும், காலை உணவில் புரதம் சேர்க்கலாம் என்பார். செவிலிய மாணவி எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஐந்து பத்திகளை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, திட்டம் என்று நீட்டுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பெரிய பிழை இருக்காது. ஆனாலும் அது திட்டம் இல்லை.

ஒரு குழுவில் பிசியோதெரபி மாணவி மருந்தியல் மாணவரைப் பார்த்து, "இவரை எந்த நேரத்தில் நடக்கவைத்தால் நல்லது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் உடல் இலகுவாக இருக்கும், அடுத்த வேளை நெருங்க நெருங்க இறுகும் என்றார் அவர். "அப்படியானால் விடியற்காலையில்தானே மிகவும் இறுகியிருப்பார்? இரவு மருந்து தீர்ந்திருக்கும், காலை மருந்து இன்னும் போட்டிருக்க மாட்டார்" என்று மருத்துவ மாணவர் இழுத்தார். விழுந்ததற்கான காரணம் அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. வார்டில் காலை மருந்தும் காலை உணவும் ஒன்றாகத்தான் வருகின்றன என்று செவிலிய மாணவி சொன்னதும், உணவியல் மாணவி நிமிர்ந்தார். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், குடலிலும் சரி, மூளைக்குள் நுழையும் இடத்திலும் சரி, லெவோடோபாவோடு போட்டி போடும். அவர் ஏற்கெனவே எழுதியிருந்த "காலையில் புரதம்" என்ற வரியை அவரே அடித்துவிட்டு, அதை இரவு உணவுக்கு மாற்றினார். மாத்திரை விழுங்கும்போது இவருக்கு இருமல் வருகிறது, வீட்டில் பொடித்துக் கொடுக்கிறார்கள் என்ற குறிப்பும் விவரத்தில் இருந்தது. அதுவரை யாரும் அதைத் தொடவில்லை. செவிலிய மாணவி அதை வாசித்ததும் மருந்தியல் மாணவர் பதறினார். இரவு மாத்திரை மெதுவாகக் கரையும் வகை, அதைப் பொடிக்கக் கூடாது.

அந்தக் குழுவுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவர்களில் யாரும் தன் துறையில் தனித்து மின்னியவர் இல்லை.

ஆகவே, தயாரிப்பு எளியது. உங்கள் பாடக் குறிப்பை ஒரு முறை புரட்டினால் போதும். மற்ற ஒவ்வொரு துறைக்கும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். "அவர்களுடைய வேலையே என்னவென்று தெரியவில்லையே" என்றால் அதையே கேளுங்கள். பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வேறுபாடு தெரியாத இறுதியாண்டு மாணவர்கள் ஏராளம். முன்னவர் நோயாளியைக் குளியலறை வரை நடக்கவைப்பதில் முனைவார். பின்னவர் அங்கே போய்க் குளிக்கவும் சட்டை மாட்டவும் வழி செய்வார் என்று தோராயமாகச் சொல்லலாம்.

இனி, நேர்முகச் செயல்தேர்வு. இதில் கட்டாயம் வருவது தொலைபேசியில் நோயாளியின் நிலையைத் தெரிவிப்பது. நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன "எஸ்பார்" என்ற பெயரில் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய முறை இது. அமெரிக்க மருத்துவச் சேவை நிறுவனமான கைசர் பெர்மனென்டேவினர் அதை மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றினார்கள். முதல் மூன்று படிகளை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். நான்காவதில் குரல் தேய்ந்து, "அதனால்தான் சொல்லலாம் என்று..." என்று முடித்துவிடுகிறார்கள். "பத்து நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை ஆக்சிஜன் தொடங்கட்டுமா?" என்று கேளுங்கள். எதிர்முனையில் அளவு ஏதாவது சொன்னால், அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே போனை வையுங்கள்.

இன்னொன்று மறுத்துப் பேசுவது. மருத்துவராக நடிப்பவர் அவசர அவசரமாக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போடச் சொல்வார். நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று அட்டையில் இருக்கும். இதுவும் பெனிசிலின் குடும்பம்தான். நீங்கள் சொன்ன பிறகும் அவர், "சொன்னதைச் செய்யுங்கள்" என்பார். கோபப்படாதீர்கள், அப்படிச் சொல்லும்படி அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலில், "எனக்குக் கவலையாக இருக்கிறது". கேட்காவிட்டால், "இதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை". அதற்கும் அசையாவிட்டால், "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்". மூன்று படிகளிலும் காரணத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணிந்துபோகிறவருக்கும் மதிப்பெண் குறையும், சண்டைக்கு நிற்கிறவருக்கும் குறையும்.

குழுவுக்குத் தலைமை யார் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. பேனா பெரும்பாலும் மருத்துவ மாணவரின் கைக்குப் போகிறது. அவர் பிடுங்கிக்கொள்கிறார் என்று மற்றவர்கள் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பாதி நேரம் அவர்களே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நோயாளி விழுங்கச் சிரமப்படுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் அதற்கான சிகிச்சைத் துறைக்காரர் நடத்தட்டும், வீடு திரும்புவது பற்றி என்றால் செவிலிய மாணவி நடத்தட்டும். உட்காரும்போதே ஒரே துறைக்காரர்கள் ஒட்டி உட்காராதீர்கள். ஒட்டினால் கிசுகிசுப்புதான் மிஞ்சும்.

வகுப்புக்குப் பிறகு எழுதித் தரும் அனுபவக் குறிப்பில், "அனைவரும் சிறப்பாக ஒத்துழைத்தோம்" என்ற வரியைக் கண்டால் திருத்துகிறவருக்குக் கொட்டாவி வரும். எந்தக் கருத்து மோதியது, யார் சொல்லி உங்கள் எண்ணம் மாறியது, மாறாமல் நின்றது எது என்று எழுதுங்கள். குழுக்கள் உரசலைத் தாண்டித்தான் ஒழுங்குக்கு வருகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் டக்மன் 1965-இலேயே எழுதிவிட்டார். உரசலை மறைப்பதால் உங்களுக்கு லாபம் இல்லை.

சில இடங்களில் மாணவர்களே மேற்பார்வையின் கீழ் நடத்தும் பயிற்சி வார்டு உண்டு. சுவீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 1996-இலேயே இதைத் தொடங்கியது. உங்கள் கல்லூரியில் அந்த வாய்ப்பு இருந்தால், பொம்மை நோயாளியை வைத்து நடத்தும் வகுப்பை விட்டுவிட்டு அதற்கு விண்ணப்பியுங்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் பெயரும் துறையும் சொல்லும் சுற்றை வெறும் சடங்கு என்று தாண்டிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே, கத்தி வைக்கும் முன் குழுவினர் அனைவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பெயர்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பணி மாற்றும் நேரத்தில் யாரைத் தேட வேண்டும் என்பதற்கு அது உதவும்.