செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

மார்ச் 3

இன்றும் அதையே சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பையன், "இந்த வேலை பிடிச்சுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டான். "அப்பா சேர்த்துவிட்ட படிப்பு தம்பி, நான் என்ன பண்ண?" சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். அப்பா முடிவெடுத்தபோது எனக்கு 17 வயது. இப்போது 36.

மார்ச் 5

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லம். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்றார்கள். பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்துக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களில் முதல் தளத்தார் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

இரண்டாம் தளத்தில் யாரும் கொடுமைப்படுத்தப்படவில்லை. அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவும் அப்படித்தான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

மார்ச் 6

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். விக்டர் ஃபிராங்கல் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் நாஜி முகாம்களில் பெற்றோரையும் அண்ணனையும் மனைவியையும் பறிகொடுத்தவர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சுதந்திர தேவி சிலை இருப்பதுபோல் மேற்குக் கரையில் பொறுப்புக்கும் ஒரு சிலை வேண்டும் என்றவர் அவர். அவருக்கு நேர்ந்ததற்கு அவரா பொறுப்பு? அடிபட்டவரிடம் போய் "எல்லாம் உன் கையில்தான்" என்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிறர் செய்தது பிறர் கணக்கில்தான். அதன் பிறகு நான் செய்ததும் செய்யாமல் விட்டதும் மட்டுமே என் கணக்கு.

என் கணக்கு 18 வயதில் தொடங்குகிறது. வேறு வேலைக்கு ஒருமுறைகூட விண்ணப்பித்ததில்லை.

மார்ச் 9

மாலை வகுப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

மார்ச் 14

அப்பாவிடம் சொன்னேன். சண்டை வரும் என்று இருந்தேன். "நீ வேண்டாம்னு அப்பவே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே" என்றார். கேட்டிருப்பாரோ மாட்டாரோ, நான் சொல்லவில்லை என்பது உண்மை. "ஆமாம்பா, நான் சொல்லல" என்றேன்.

இடம் கிடைத்துவிட்டது. சரியாக வராவிட்டால் இனி யாரையும் சொல்ல முடியாது. மணி இரண்டாகிறது, தூக்கம் வரவில்லை. வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது.