விடுப்புப் படிவத்தில் தேதியைச் சரிசெய்த அனுபவம்

எங்கள் டீமிடம் வந்தது ஒரு பழைய விடுப்பு விண்ணப்ப ஆப். சென்னை, லண்டன், சிகாகோ என மூன்று ஊர் அலுவலகங்களும் அதைத்தான் பயன்படுத்தின. தேதி போட ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். அதில் அடித்ததை ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழி) அப்படியே தேதியாக மாற்றிக்கொள்ளும். சென்னையில் ஒருவர் 25/12/2023 என்று அடித்தால் தேதி தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். புகார்கள் வந்தது இதற்குத்தான். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது 03/04/2024 மாதிரியான தேதிகள். அவை சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். ஏப்ரல் 3 என்று நினைத்து அடித்ததை குரோம் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். கணினி எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் சரி, சாய்கோடு போட்ட தேதியில் முதல் எண் அதற்கு மாதம்தான்.

நாளும் மாதமும் 12க்குள் அடங்கும் தேதிகள் வருடத்தில் 144. 01/01, 02/02 போல எப்படிப் படித்தாலும் மாறாத 12ஐக் கழித்தால் 132. அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிக் குழப்பக்கூடிய நாட்கள்.

பிரவுசரின் மொழியைப் பார்த்து வரிசையை ஊகிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. லண்டனில் பலருடைய லேப்டாப் அமெரிக்க ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. ஒருவருடைய விடுப்பை ஊகத்தில் விடக்கூடாது.

பிரவுசரே தரும் தேதிப் பெட்டிக்கு மாறினோம். திரையில் அவரவர் பிரவுசர் அல்லது கணினியின் அமைப்புப்படி காட்டும். சர்வருக்குப் போகும் மதிப்பு மட்டும் எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 சர்வதேசத் தர வரிசையில் இருக்கும். தேர்ந்தெடுத்ததும் கீழே 'புதன்கிழமை, ஏப்ரல் 3, 2024' என்று எழுத்தில் காட்டினோம். இதில் கிழமைதான் மிகவும் உதவியது. விடுப்பு கேட்பவருக்குத் தேதி குழம்பினாலும் கிழமை குழம்பாது. பிறந்த தேதிக்கு மட்டும் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிப் பெட்டிகள் வைத்தோம். பிரிட்டிஷ் அரசின் இணையதளங்களிலும் இதே முறைதான். காலண்டரைத் திறந்து நாற்பது வருடம் பின்னால் தள்ளிக்கொண்டு போவது பெரிய தொல்லை.

அப்புறம் டைம்ஜோன். சென்னையில் ஏப்ரல் 3 பிறக்கும் நள்ளிரவு என்பது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஏப்ரல் 2 மாலை 6:30. பழைய கோட் தேதியை முதலில் உள்ளூர் நள்ளிரவாக்கி, யூடிசி நேரத்தைக் காட்டும் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றி, முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சேமித்தது. விடுப்பு ஒரு நாள் முன்னால் போய்விட்டது. சிகாகோவில் இதே கோளாறு வேறு வழியில் வந்தது: சேமித்த 2024-04-03 என்பதை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ள, அங்கே அது ஏப்ரல் 2 இரவு 7 மணி என்று தெரிந்தது.

விடுப்பு நாள் என்பது காலண்டரில் ஒரு கட்டம்; அதற்கு மணியும் கிடையாது, டைம்ஜோனும் கிடையாது. அதனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், தேதியோடு மணியையும் வைக்கும் டைம்ஸ்டாம்ப் நெடுவரிசையை எடுத்துவிட்டு வெறும் டேட் நெடுவரிசை வைத்தோம். பிரவுசர் தரும் ஸ்ட்ரிங் மாறாமல் அப்படியே அங்கே போய்ச் சேரும். மேனேஜர் ஒப்புதல் கொடுத்த நேரம் உண்மையிலேயே ஒரு கணம். அதை மட்டும் யூடிசியில் வைத்துக்கொண்டோம்.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ததுதான் நீண்ட வேலை. ஒரு தேதியை ஒரு விதமாகப் படித்தால் ஞாயிறு, நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்தால் வேலை நாள் என்றால் எது சரி என்று ஓரளவு தெரிந்தது. ஆனாலும் எதையும் நாங்களாகத் திருத்தவில்லை. சம்பந்தப்பட்டவருக்கே இரண்டு தேதியையும் கிழமையோடு மெயில் போட்டு, எது சரி என்று கேட்டுத்தான் மாற்றினோம்.

எக்ஸெல் வழியாக மொத்தமாக ஏற்றும் வசதி இன்னும் இருக்கிறது. கணினியின் அமைப்பைப் பொறுத்து எக்ஸெல் தேதியைத் தானாக மாற்றிவிடும் என்பதால், அந்த டெம்ப்ளேட்டில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்து, மாதத்தை எழுத்தில் கேட்கிறோம்.