ஒரே வீடு, ரெண்டு ஆபீஸ்

சின்னக் குழந்தை இருக்கிற குடும்பத்துக்குன்னு ஒரு ஆபீஸ், அறிவுசார் குறைபாடு இருக்கிறவங்களுக்குன்னு வேற ஒரு ஆபீஸ், இங்க என்ன நடக்குதுன்னு அங்க தெரியாது. ஆனா வீட்ல எல்லாரும் ஒண்ணாதானே இருக்கோம்? என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறக்கும்போதே இருக்கிறது, அறிவு வளர்ச்சி மெதுவா இருக்கும். இப்போ வளர்ந்த ஆளு. என் பாப்பா இப்பதான் நடை பழகுறா. ரெண்டு பேரையும் பாத்துக்கிறது அம்மாவும் நானும்தான். பாப்பாவுக்கு தடுப்பூசி போடுற இடத்துல தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க, தம்பி பகல்ல போயிட்டு வர்ற டே சென்டர்ல வீட்ல கைக்குழந்தை இருக்குன்னே தெரியாம காலைல அம்மாவை மீட்டிங்குக்கு கூப்பிடுவாங்க. இந்த ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும்ங்கிறது என்னோட ரொம்ப நாள் ஆசை, அதான் எழுத உக்காந்துட்டேன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வீட்டுக்கே வந்து சொல்லித்தர்ற முறை. போர்டேஜ்னு ஒண்ணு இருக்கு, 1969ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல போர்டேஜ்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது. கிராமப்பக்கம், வீடுங்க எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும், வளர்ச்சி தாமதமான குழந்தைங்களை தினமும் ஒரு சென்டருக்கு கூட்டிட்டு வர்றது நடக்காத காரியம், அதனால டீச்சர் வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கே சொல்லிக்குடுத்தாங்க. அப்புறம் நிறைய நாட்டுக்குப் போயிடுச்சு. தம்பி சின்னவனா இருக்கும்போது அம்மா இந்த மாதிரி ஒரு ஹோம் விசிட்லதான் பேண்ட் போட சொல்லித்தரக் கத்துக்கிட்டாங்க. முதல்ல இருந்து ஆரம்பிக்கக்கூடாது, கடைசில இருந்து ஆரம்பிக்கணும். காலை நுழைச்சு, முட்டிக்கு மேல ஏத்தி, இடுப்பு கிட்ட வரைக்கும் நாம கொண்டுவந்துட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவன்கிட்ட விட்டுடணும். அது வந்ததும் அடுத்து முட்டியோட விட்டுடணும், அப்புறம் கணுக்கால். இதுல என்ன விசேஷம்னா ஒவ்வொரு தடவையும் வேலையை முடிக்கிறது அவன்தான், பாதில தோத்துப்போய் அழுறதே கிடையாது. இப்போ பாப்பாவுக்கு நான் அதே மாதிரிதான் சொல்லித்தர்றேன், பக்கத்துல தம்பி நின்னுக்கிட்டு கை தட்டுவான்.

உடம்பு விஷயம் இன்னும் முக்கியம். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்களுக்கு காதுத்துளை சின்னது, உள்ள நீர் கோத்துக்கும், காது கேக்கிறது குறையும், தைராய்டு பிரச்சினையும் மத்தவங்களை விட அதிகமா வரும். ஒரு தடவை தம்பி திடீர்னு யார்கூடவும் பேசாம, தலையில அடிச்சுக்க ஆரம்பிச்சான். காட்டின இடத்துல "இவங்க இப்படித்தாங்க இருப்பாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அம்மா விடல, வேற டாக்டர்கிட்ட போனா காதுல நல்ல இன்ஃபெக்‌ஷன். வலின்னு சொல்லத் தெரியாத ஆளு வேற எப்படித்தான் சொல்லுவான்? நடத்தை மாறினா முதல்ல பல்லு, காது, வயிறு, மலச்சிக்கல் இதெல்லாம் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன்.

அப்புறம் ரெஸ்பைட். அதாவது கொஞ்ச நேரமோ ஒரு ரெண்டு நாளோ பழகின ஆள் ஒருத்தர் வந்து பாத்துக்குவாங்க, வீட்ல இருக்கிறவங்க தூங்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சும்மாவே கூட இருக்கலாம். இதைக் கேக்க அம்மாங்க ரொம்பக் கூச்சப்படுறாங்க, பிள்ளையைத் தள்ளிவிடுற மாதிரி நினைச்சுக்கிறாங்க. தயவுசெஞ்சு கேளுங்க. கைக்குழந்தைக்காக ராத்திரி முழிக்கிறவளுக்கும், வளர்ந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துற அறுபது வயசு அம்மாவுக்கும் வேண்டியது ஒரே உதவிதான்.

இதுல யாருமே பேசாதது ஒண்ணு இருக்கு, அறிவுசார் குறைபாடு இருக்கிறவங்களே அப்பா அம்மா ஆகுறது. ஐநாவோட 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 23வது பிரிவு இதைத் தெளிவா சொல்லுது, பெத்தவங்களுக்கோ குழந்தைக்கோ குறைபாடு இருக்குங்கிற காரணத்துக்காக குழந்தையைப் பிரிக்கக் கூடாது, வளர்க்க உதவி செய்யணும்னு. உதவின்னா வாயால சொல்லிட்டுப் போறது இல்ல. பால் எப்படி கலக்கணும், குளிப்பாட்டுற தண்ணி எவ்வளவு சூடு இருக்கணும்னு அவங்க வீட்லயே, அவங்க பாத்திரத்துலயே செஞ்சு காட்டி, படம் போட்ட அட்டையை சுவத்துல ஒட்டி, கை பழகுற வரைக்கும் திரும்பத் திரும்ப வரணும். நிதானமா சொல்லித்தந்தா அவங்களால முடியும்.

அம்மாவோட பெரிய கவலை எங்களுக்கப்புறம் இவனுக்கு யாருங்கிறதுதான். அதுக்கு இப்பவே பழக்கணும்னு நான் நினைக்கிறேன், அம்மா இல்லாத சாயங்காலம், வேற வீட்ல ஒரு ராத்திரி, வேற ஆள் கையால சாப்பாடுன்னு கொஞ்சம் கொஞ்சமா. அதுக்காக ஒரு நோட்டு போட்டிருக்கோம். என்ன மாத்திரை, எதுக்கு பயப்படுவான், "ம்ம்"னு ரெண்டு தடவை சொன்னா வேண்டாம்னு அர்த்தம், வலிச்சா சட்டைக் காலரைக் கடிப்பான், அழும்போது தொடக்கூடாது, பக்கத்துல உக்காந்தா போதும், இப்படி. எழுதும்போது தம்பியையும் வச்சுக்கிட்டுதான் எழுதினோம், அவனுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் அவனே சொன்னான். ஒரு காப்பி டே சென்டர்ல குடுத்தாச்சு, இன்னொண்ணு பாப்பாவோட ஹெல்த் ஒர்க்கர்கிட்டயும் குடுக்கப்போறேன், அவங்க கேக்கலன்னாலும். உங்க வீட்டுக்கும் எழுதணும்னா கேளுங்க, எந்தத் தலைப்புல என்ன எழுதினோம்னு அடுத்த போஸ்ட்ல போடுறேன்.