டிரமண்ட் ஷீல்ஸும் இலங்கையின் வாக்குரிமையும்

மார்ச் 3, திங்கள்

இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு என்றதும் அதன் தலைவர் டொனமூர் பிரபுவோடு நின்றுவிடுகிறோம். அதன் நான்கு உறுப்பினர்களுள் ஒருவர் டிரமண்ட் ஷீல்ஸ். ஸ்கொட்லாந்து மருத்துவரான இவர், பிரித்தானியத் தொழிற்கட்சியின் சார்பில் 1924 முதல் 1931 வரை எடின்பரோ கிழக்குத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். குறுகிய அரசியல் வாழ்வுதான். ஆனால் அவரை அறியாமல் நமது வாக்குரிமையின் கதையை முழுமையாகச் சொல்ல முடியாது.

மார்ச் 6, வியாழன்

ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே வாக்காளர்கள். பொன்னம்பலம் இராமநாதன் உள்ளிட்ட கற்றறிந்த தலைவர்கள் பலர் வாக்குரிமையை எல்லோருக்கும் விரிப்பதை எதிர்த்தார்கள், ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமோ அதைத்தான் கேட்டது. 1928இல் வெளியான அறிக்கை இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கச் சிபாரிசு செய்தது. உள்ளூர்த் தலைவர்கள் பலர் கேட்கத் துணியாததை அந்த அறிக்கை தந்ததில், தொழிற்கட்சிக்காரரான ஷீல்ஸின் பங்கு பெரிது என்றே கருதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

1929இல் பிரித்தானியாவில் மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது, முதலில் இந்திய விவகாரத்துக்கும் அவ்வாண்டின் இறுதியில் குடியேற்ற நாடுகளுக்கும் ஷீல்ஸ் துணை அமைச்சரானார். குடியேற்ற நாட்டு அமைச்சரான பாஸ்ஃபீல்ட் பிரபு, பிரபுக்கள் சபையில் இருந்ததால், பொதுமக்கள் சபையில் பதில் சொல்லும் பொறுப்பு இவருடையதாயிற்று. தாமே ஒப்பமிட்ட சிபாரிசு நடைமுறைக்கு வருவதை அதே அமைச்சிலிருந்து மேற்பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

ஆயினும் என் மனம் ஆறவில்லை. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமை பெற ஐந்தாண்டு வதிவிடம் போதும் என்றிருந்த சிபாரிசை, சிங்களத் தலைவர்களின் அச்சத்துக்கு இணங்கி, தேசாதிபதி ஸ்டான்லி குறுக்கினார். இலங்கையே நிரந்தர வாழிடம் என்று நிறுவ வேண்டும், அல்லது கல்வித் தகுதியோ சொத்துத் தகுதியோ காட்ட வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்று நிபந்தனைகள் புகுந்தன. 1929 டிசம்பரில் இலங்கைச் சட்டநிரூபண சபை புதிய அரசியலமைப்பை இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஏற்றது. அந்த நிபந்தனைகள் சட்டமானபோது ஷீல்ஸ் அதே பதவியில்தான் இருந்தார். அவருடைய பெருமையைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மார்ச் 15, சனி

சிபாரிசில் 30 ஆக இருந்த பெண்களின் வயதெல்லை 21 ஆகக் குறைக்கப்பட்டதால், 1931 ஜூன் தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்களித்தார்கள். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அதே 1931 ஒக்டோபரில், தொழிற்கட்சியைச் சரித்த பிரித்தானியப் பொதுத்தேர்தலில், ஷீல்ஸ் தமது தொகுதியை இழந்தார். 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபோதும் அவர் உயிரோடிருந்தார், 1953இல் காலமானார்.