வரிசையில் பதினொன்றாவது ஆள்

600 மில்லிமீட்டர் வரை எட்டும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் ஒன்றுக்கு முன்பணம் கட்டி இன்றோடு பதினாறு வாரம் ஆகிறது. லென்ஸ் இன்னும் வரவில்லை. காத்திருப்பதா, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வழி பார்ப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்ட நாட்களில் செய்து பார்த்தவற்றைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் லென்ஸ், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். யாரிடம் பதிவு செய்திருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

இப்போது கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர் வகை) கேமராவும் 70 முதல் 300 மில்லிமீட்டர் வரை போகும் 70-300 லென்ஸும். இந்த எண் பெரிதாக ஆக, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். நான் எடுப்பது பறவைகள். அதிலும் சிறிய பறவைகள்.

முதல் நான்கு வாரம்

உருப்படியாக எதுவும் செய்யவில்லை. வாரம் ஒருமுறை கடைக்குத் தொலைபேசினேன். "அடுத்த வாரம் எதிர்பார்க்கிறோம், சார்" என்பார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார், என்னைப் போலவே. மற்ற நேரத்தில் அந்த லென்ஸில் பிறர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வராத லென்ஸுக்கு ஒரு பையும் வாங்கி வைத்தேன். வீட்டில் என்னை இலவு காத்த கிளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பறவைப் படம் எடுப்பவனுக்குப் பொருத்தமான வசவுதான்.

இந்த நான்கு வாரத்தில் கேமராவை வெளியே எடுத்துப் போனது ஒரே ஒரு நாள். "அதுதான் நல்ல லென்ஸ் வரப்போகிறதே" என்ற நினைப்பு கையில் இருக்கும் லென்ஸைத் தொடவிடாமல் செய்துவிடுகிறது.

ஐந்தாம் வாரம்

கேள்வியை மாற்றினேன். "எப்போது வரும்?" என்பதை விட்டுவிட்டு, "நான் பதிவு செய்த நாளிலிருந்து இதுவரை எத்தனை வந்தன? இப்போது வரிசையில் நான் எத்தனையாவது?" என்று கேட்டேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சொன்னார்: வந்தவை இரண்டு. நான் பதினொன்றாவது.

ஐந்து வாரத்துக்கு இரண்டு என்றால் பதினொன்றுக்கு இருபத்தேழு வாரம். ஆறு மாதத்துக்கும் மேல். இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. ஒரே ஆள் மூன்று கடைகளில் பதிவு செய்துவிட்டு, எங்கே முதலில் வருகிறதோ அங்கே வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்வார். அதனால் வரிசை பாதியில் சுருங்கலாம். திடீரென்று ஒரே வாரத்தில் ஐந்து வரவும் கூடும். ஆனாலும் "அடுத்த வாரம்" என்பதைவிட "இருபத்தேழு வாரம்" உபயோகமான பதில். வலசை வந்திருக்கும் பறவைகள் அதற்குள் கிளம்பிப் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று தேடியதில் கோபம் பாதி குறைந்தது. 600-ஐ, ஒளித்துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணான 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். ஒளி நுழையும் வாயின் விட்டம் அது. முன்கண்ணாடியை அதைவிடச் சிறிதாகச் செய்ய முடியாது. நிக்கானின் 180-600, சோனியின் 200-600, கேனானின் 200-800 மூன்றுக்கும் முன்னால் மாட்டும் ஃபில்ட்டர் 95 மி.மீ.தான், மூன்றும் எடையில் 2 கிலோவை ஒட்டியவைதான். இந்த அளவு லென்ஸ்களில் நிறச்சிதறலைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடிகளும் வேண்டும். கண்ணாடியை அவசரமாகக் குளிரவைத்தால் உள்ளே இறுக்கம் தங்கி ஒளி ஒரே சீராகப் போகாது. ஆகவே மிக மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு அரைத்தல், மெருகேற்றல், பூச்சு. கிராக்கி கூடியது என்பதற்காக நாளைக் காலையே இரண்டு மடங்கு செய்துவிட முடிகிற பொருள் இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் கணக்குத் தவறியிருக்கின்றன. 2018-இல் நிக்கான் வெளியிட்ட 500 மி.மீ. எஃப்/5.6 பிஎஃப் லென்ஸ் 1,460 கிராம்தான். அந்த எடைக்கு அந்த நீளம் என்றதும் ஆசைப்பட்டவர்கள் எண்ணிக்கை எதிர்பார்ப்பைத் தாண்டிப் போய், உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை என்று நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் நிக்கானின் அயுத்தயா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் சோனியின் சென்சர் ஆலை நின்றது. இதையெல்லாம் படித்த பிறகு கடைத் தம்பியிடம் குரலை உயர்த்த மனம் வரவில்லை.

ஏழாம் வாரம்: 600 படங்கள்

இந்த லென்ஸ் எனக்கு உண்மையிலேயே எதற்கு என்று என் படங்களையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. போன பருவத்தில் எடுத்தவற்றில் தொடர்ச்சியாக 600 படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் தேறவில்லை என்று குறித்தேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பத்தாவது படத்திலேயே "இதில் பறவை எங்கே, அப்பா?" என்றாள்.

கை நடுங்கியோ பறவை அசைந்தோ கலங்கியவை 231. ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டுக் கிளையில் உட்கார்ந்தவை 118. வெயில் ஏறியபின் சூடான காற்று நெளிந்ததில் குழைந்து போனவை 64. எல்லாம் சரி, பறவைதான் கடுகளவு என்ற வகை 97. ஏன் எடுத்தேன் என்றே தெரியாதவை 68. நன்றாக வந்தவை 22.

நான் காத்துக்கொண்டிருக்கும் லென்ஸ் தீர்த்துவைக்கக்கூடியது அந்த 97-ஐ மட்டும்தான். கலங்கியவற்றையும் குழைந்தவற்றையும் அது இன்னும் மோசமாக்கும்: நடுக்கத்தையும் காற்றின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

231-ஐத் தனியாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஷட்டர் 1/250 நொடி அல்லது அதற்கும் மெதுவு. ஏபிஎஸ்-சி சென்சரில் 300-ஐக் கையில் பிடித்து எடுக்க, குவியத்தூரத்தை (அந்த 300-ஐ) ஒன்றரையால் பெருக்கும் பழைய வழக்கப்படி 1/450 நொடி வேகமாவது வேண்டும். நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அது என் கையின் நடுக்கத்தைத் தடுக்கும்; தலையைத் திருப்பும் பறவையை என்ன செய்யும்? உண்மைக் காரணம் ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வைக் கூட்ட எனக்கிருந்த பயம். அன்றிலிருந்து 1/1000-க்குக் கீழே இறங்குவதில்லை. ஐஎஸ்ஓ 3200 வரை போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம். கலங்கிய கண்ணைத் துடைக்க வழியில்லை.

எட்டாம் வாரம்: மறைப்பு

நான் வழக்கமாகப் போகும் குளத்தில் ஒரு சிறு மீன்கொத்தி உண்டு. அலகிலிருந்து வால் வரை 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரையில் நான் நிற்கும் இடத்திலிருந்து அதன் கிளை 15 மீட்டர். 300-இல் எடுத்தால் சென்சரில் அதன் நீளம் 3.4 மி.மீ.; என் கேமராவில் சுமார் 870 பிக்சல். 600-இல் எடுத்தால் இரண்டு மடங்கு. இருக்கிற லென்ஸோடு தூரத்தைப் பாதியாக்கினாலும் அதே இரண்டு மடங்குதான். பள்ளிக்கூடத்துக் கணக்குதான் இது. ஏழு வாரம் கழித்து ஞாபகம் வந்தது.

பாதித் தூரம் போனால் மீன்கொத்தி பறந்துவிடும். ஆகவே உள்ளே ஒளிந்து உட்கார ஒரு மறைப்பு. பழைய பச்சைப் போர்வை, உடைந்த இரண்டு பெரிய குடைகளின் கம்பிகள், ஒரு மடக்கு முக்காலி. மீன்கொத்தி வழக்கமாக உட்காரும் கிளையைக் கண்டுபிடிப்பது சுலபம்: அடியில் இலைகளின் மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கும். பக்கத்தில் அது கூடு வைக்கும் வளை இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே போர்வையைக் கட்டினேன். மூன்று நாள் உள்ளே ஆள் இல்லாமல் அப்படியே விட்டேன். நான்காம் நாள் இருட்டு விலகும் முன் போய் உட்கார்ந்தேன். நாடாவால் அளந்தபோது கிளைக்கும் லென்ஸுக்கும் 7 மீட்டர் 40.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. முதலில் கிளை ஆடியதைத்தான் பார்த்தேன். தலையை இரண்டு முறை மேலும் கீழும் அசைத்துத் தண்ணீரை அளந்தது. ஷட்டர் சத்தத்துக்கு ஒரு கணம் என் பக்கம் திரும்பி, போர்வையை மதிக்காமல் மீண்டும் தண்ணீரைப் பார்த்தது. அந்தத் திரும்பிய கணம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கியபோது கீழலகு செம்மஞ்சளாகச் சிவந்திருந்தது. பெண் பறவை. ஒரு பருவம் முழுவதும் அதை "அவன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குறையும் உண்டு. 300-இன் பார்வை அகலம் என்பதால் பின்னணியில் நாணல் குப்பையாக நிற்கிறது. 600-ஐ வைத்துத் தள்ளி நின்று எடுத்திருந்தால் பின்னால் தெரியும் பரப்பு குறைந்து, அது மெத்தென்று கரைந்திருக்கும். அந்த அழகு வேண்டுமென்றால் அந்த லென்ஸ்தான் வேண்டும்.

பத்தாம் வாரம்: மூன்று நாள் வாடகை

600 வரை எட்டும் ஜூம் ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். முதல் காலை முழுவதும் பறவையைத் தேடியே போனது. கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது, கேமராவில் வெறும் இலை. 15 மீட்டரில் 300 காட்டும் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். 600 காட்டுவது 60 சென்டிமீட்டர்கூட இல்லை. 200-இல் பறவையைப் பிடித்துக்கொண்டு, பிறகு வளையத்தைத் திருகி உள்ளே போகப் பழகியது இரண்டாம் நாள்தான். எடை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால்மணி நேரத்தில் இடக்கை மரத்தது. மறுநாள் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) கொண்டுபோனேன்.

மூன்றாம் நாள் சேற்றுத் திட்டுக்குப் போனேன். உள்ளான்கள் 60 மீட்டர் தள்ளி இரை தேடிக்கொண்டிருந்தன. அங்கே போர்வை கட்ட இடமில்லை. சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும், பறவைகளும் மொத்தமாக எழுந்துவிடும். 20 செ.மீ. பறவை அந்தத் தூரத்தில் 300-இல் 250 பிக்சலுக்குச் சற்று அதிகம். இறகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. 600-இல் 500-ஐத் தாண்டுகிறது. காலை ஏழு மணி வெளிச்சத்தில் முதுகு இறகுகளின் வெளிர் விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒன்பதரைக்கு அதே இடம், அதே லென்ஸ், அதே பறவைகள்: கானல் கிளம்பி எல்லாம் கொழகொழவென்றாகிவிட்டன. அதன்பின் லென்ஸை மூடிவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய 97-ஐத் திறந்து, எங்கே எடுத்தவை என்று பிரித்தேன். 71 அந்தச் சேற்றுத் திட்டில் எடுத்தவை.

நடுவில் இரண்டு சபலங்கள்

டெலிகன்வர்ட்டர், அதாவது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துண்டு: 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப் ஒளி (பாதி), இரண்டு மடங்குக்கு இரண்டு ஸ்டாப் (முக்கால்வாசி) போகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் 70-300-இல் அது பொருந்தவே பொருந்தாது. முடிந்தது.

பழைய லென்ஸ்: ஒருவர் விற்கிறார் என்று போய்ப் பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்ததும் உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை. முகம் கீழே பார்க்கப் பிடித்தால் குழல் தானாக நழுவி நீண்டது. "படத்தில் தெரியாது, சார்" என்றார். படத்தில் இன்று தெரியாது. பூஞ்சை அங்கேயே நின்றுவிடுமா? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் வாரம்: முடிவு

பதிவை ரத்து செய்யவில்லை. அந்த 71 படங்களுக்காகத்தான். ஆனால் இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டேன். முன்பணத்தை எப்போது கேட்டாலும் முழுதாகத் திருப்பித் தருவதாகக் கடையிலிருந்து எழுத்தில் வாங்கினேன். அடுத்த வலசை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு தேதியைக் குறித்திருக்கிறேன். அதற்குள் வராவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு, சேற்றுத் திட்டுக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். அந்த வேலைக்கு வருடத்தில் எத்தனை காலை தேவைப்படும் என்று எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ரத்து செய்துவிடலாமோ என்று இப்போதும் சில ராத்திரிகளில் தோன்றும்; தேதி வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பதினாறாம் வாரம்

நான் தொலைபேசவில்லை, அந்தத் தம்பியே கூப்பிட்டார். மேலும் மூன்று வந்தனவாம், இருவர் ரத்து செய்தார்களாம். நான் இப்போது ஆறாவது. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். கையில் ஊசியும் நூலும் இருந்தன. மறைப்பில் லென்ஸை நீட்ட வெட்டிய இடப்பக்க ஓட்டை ஒரு சாண் கீழே அமைந்துவிட்டது. வெள்ளைக் கோடுகள் சில நாளாக வேறொரு கிளைக்கு அடியில் தெரிகின்றன. அங்கே குறிபார்க்க அந்த ஓட்டையிலிருந்து குனிய வேண்டியிருக்கிறது. அதைத் தைத்து மூடிவிட்டு மேலே ஒன்று வெட்ட வேண்டும்.