கோரை மாதிரியே இருந்தது

ஃப்ளாக்ஸ்டாஃப் வந்து எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அவருக்கு வேலை, எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. அரிசோனா என்றால் வெயில் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம், இந்த ஊரோ 7,000 அடி உயரத்தில், கதவைத் திறந்தால் பனி. அப்புறம்தான் இங்குள்ள பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்தில், தன்னார்வலர் தேவை என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன்.

பழைய தாள்களின் லேபிளை வாசித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு கட்டைப் பிரித்ததும் "கோரை!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பத்தமடைப் பக்கம் பிறந்தவள் நான், கோரைக்கட்டைப் பார்க்காமல் ஒரு நாள் போனதில்லை. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா மறுநாள் ஓடைக்கரையிலிருந்து பச்சைத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து விரலுக்கு நடுவே உருட்டச் சொன்னார். வழுவழுவென்று உருண்டது. நம் கோரைக்கு மூன்று பட்டை இருக்கும், இப்படி உருளாது. பூவும் வேறு மாதிரி. கோரைக்கு உச்சியில் குடை விரித்தாற்போல் இருக்கும், இதற்கோ தண்டின் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கிறது, அதற்கு மேலும் தண்டு நீள்வது போலத் தெரிவது உண்மையில் பூவடி இலையாம். இதன் பெயர் ஜங்கஸ் பால்டிகஸ். குடும்பமே வேறு.

அதிலிருந்து ஜங்கஸ் தாள்களைக் கேட்டு வாங்கிச் செய்ய ஆரம்பித்தேன். பாலைவனப் பள்ளத்தாக்கில் இது நின்றால் அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதனால் லேபிள்களில் பாறைக் கசிவு, ஊற்று, மணல் திட்டு என்றே வரும். கிராண்ட் கேன்யனில் இடத்தை, படகுகள் ஆற்றில் இறங்கும் லீஸ் ஃபெர்ரி என்ற துறையிலிருந்து எத்தனையாவது மைல் என்று குறிப்பார்கள். 1938-இல் எல்சாடா க்ளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரண்டு பெண்கள் கொலராடோ ஆற்றில் படகில் போய், அந்தச் சுழல்களுக்கு நடுவே செடி பறித்து அழுத்தி உலர்த்தியிருக்கிறார்கள். பட்டியல் அச்சில் வந்தது 1944-இல். அந்தக் காலத்தில் இதை எப்படித்தான் நனையாமல் கரை சேர்த்தார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதே ஆற்றில் அதற்கு மேலே இருக்கும் கிளென் கேன்யன் பள்ளத்தாக்கின் தாள்களை எடுத்தால் மட்டும் கை மெதுவாகிவிடும். 1963 மார்ச்சில் அங்கே கட்டிய அணையின் வழியை மூடித் தண்ணீரைத் தேக்கி, பவல் ஏரி என்ற அந்த நீர்த்தேக்கம் ஏற ஏற, லேபிளில் இருக்கும் எத்தனையோ ஊற்றுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்தச் செடி அந்த இடத்தில் நின்றதற்கு இந்தத் தாள்தான் சாட்சி. பென்சிலில் எழுதிய ஒரு சொல் புரியாவிட்டால்கூட விட மனசு வராது, லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

2023-இல் ஏரி ரொம்ப இறங்கி, மூழ்கிய கிளைப் பள்ளத்தாக்குகள் சில வெளியே வந்தன. போன கோடையில் எங்கள் குழு அனுமதி வாங்கி அப்படி ஒன்றுக்குள் போனது. சேறு காய்ந்து வெடித்த இடத்தில் ஓடையோரம் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் ஜங்கஸ் நின்றது, கிழங்கு மண்ணுக்குள் நேராக ஓடுவதால் அப்படித்தான் முளைக்குமாம். ஒன்றை வேரோடு எடுத்து, தாளுக்கு அடங்காததால் மூன்றாக மடக்கிச் செய்தித்தாளில் வைத்தேன். லேபிளையும் என்னையே எழுதச் சொன்னார்கள். சேகரித்தவர் என்ற இடத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயரை எழுதி, எண் 1 என்று போட்டேன்.