மலை விடுதியில் நான்காம் நாள்

கோடை விடுமுறைக்கு மலைமேல் ஒரு சின்ன விடுதிக்கு வந்திருக்கிறோம். சுமார் 2000 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சமையலுக்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

எனக்கு இங்கே ரொம்பப் பிடித்தது சாயங்காலம். பகலெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வரும் காற்று, பொழுது சாய்ந்து சரிவு குளிர்ந்ததும் திசை மாறிக் கீழே இறங்கும். அந்த இடைவெளியில் கொஞ்ச நேரம் ஒரு இலைகூட அசையாது. தினமும் அதற்காகவே வராந்தாவில் போய் உட்காருகிறேன். நேற்று மகளும் வந்து தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம், குளிர்கிறதே என்று வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும். பிள்ளையின் மூக்கு சிவந்து தோல் உரிகிறது. மலைக்குக் கிளம்புகிறவர்கள் தொப்பியை மறக்க வேண்டாம்.